தீயைக் கண்டவர் மன்றத்துக்கு வரும்போது

அமெரிக்க நகரங்களின் உள்ளாட்சித் தேர்தலில் முன்னாள் தீயணைப்பு வீரர் ஒருவர் வேட்பாளராக நிற்கும்போது, வழக்கறிஞருக்கோ வணிகருக்கோ பல ஆண்டுப் பொதுவாழ்வுக்குப் பிறகும் வாய்க்காத நம்பிக்கை அவருக்கு முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள், அந்த வீட்டார் உயிருக்கு அஞ்சி வெளியே ஓடிவரும் நேரத்தில், உள்ளே நுழைவதைத் தொழிலாகக் கொண்டவர் என்பதால் அந்த நம்பிக்கை நியாயமானதே. ஆனால் நகர மன்றத்தின் வேலை வரி விதிப்பதும், பணத்தைப் பங்கிடுவதும், கட்டடம் எப்படி எழும்ப வேண்டும் என்று விதி எழுதுவதுமாகும். அங்கே துணிச்சலுக்கு நேரடியான பயன் மிகக் குறைவு. ஆகவே தீயணைப்பு வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் அவருடைய வீரத்துக்கு நன்றி செலுத்துகிறாரா, அல்லது அவர் எரிந்த கட்டடங்களுக்குள் கண்டறிந்ததைச் சட்டமாக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறாரா என்பதைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட நகரங்கள் அதற்குரிய விலையைக் கொடுத்திருக்கின்றன.

இதை ஆராய்வதற்குச் சிகாகோவைவிடப் பொருத்தமான நகரம் அரிது. ஏறத்தாழ 27 லட்சம் மக்கள் வாழும் அந்நகரத்தின் மன்றத்தில் 50 வார்டுகளுக்கு 50 உறுப்பினர்கள் உள்ளனர். வார்டு உறுப்பினரை அங்கே நெடுங்காலம் ஆல்டர்மேன் என்றே அழைத்துவந்தனர். சென்னை மாநகராட்சியிலும் ஒருகாலத்தில் வழங்கிய சொல் இது. 2011 தேர்தலில் தீயணைப்பு வீரரான நிக் ஸ்போசாட்டோ, மேயரால் நியமிக்கப்பட்டிருந்த உறுப்பினரைத் தோற்கடித்து 36-ஆவது வார்டிலிருந்து மன்றத்துக்கு வந்தார்; வார்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்டபின், 2015-இல் 38-ஆவது வார்டில் வென்றார். அதே 2015-இல், முதலில் காவல் துறையிலும் பின்னர் தீயணைப்புத் துறையிலும் பணியாற்றிய அந்தோணி நெப்போலிட்டானோ 41-ஆவது வார்டைக் கைப்பற்றினார். 2019-இல் ஜேம்ஸ் கார்டினர் என்ற தீயணைப்பு வீரர், பதவியிலிருந்த உறுப்பினரை வீழ்த்தி 45-ஆவது வார்டின் உறுப்பினரானார். மூவரும் 2023 தேர்தலிலும் வென்றனர்; மூவருடைய வார்டுகளும் நகரத்தின் வடமேற்கு மூலையில் உள்ளன.

இதற்குக் காரணம் நகரத்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சிகாகோ நகர ஊழியர்கள் நகர எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. புறநகருக்குக் குடிபெயர வழியில்லாத காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நகரத்தின் ஓரங்களில், தனி வீடும் சிறு தோட்டமும் கிடைக்கக்கூடிய வடமேற்கிலும் தென்மேற்கிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியேறினர். அங்கே தீயணைப்பு வேலை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிற குடும்பத் தொழில். ஒரே தெருவில் நாலைந்து வீடுகளில் அந்தத் துறையினர் இருப்பது இயல்பு. பணிமுறையும் அரசியலுக்கு இடங்கொடுக்கிறது. 24 மணி நேரம் தொடர்ந்து நிலையத்தில் இருந்தபின் 48 மணி நேரம் ஓய்வு என்பது சிகாகோத் தீயணைப்பு நிலையங்களின் ஒழுங்கு. அத்துடன் சுழற்சி முறையில் கூடுதலாகக் கிடைக்கும் விடுப்பைப் பழைய மேயரின் பெயரால் ‘டேலி நாள்’ என்கிறார்கள். வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்க விரும்புபவர் தம் பகுதி வாக்காளர்களிடமிருந்து குறைந்தது 473 கையொப்பங்களைத் திரட்டியாக வேண்டும், எதிர்த்தரப்பினர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்சேபிப்பார்கள் என்பதால், அதைப்போல் மூன்று மடங்கு திரட்டுவதே பாதுகாப்பு. இரண்டு நாள் ஓய்வில் வீடுவீடாக ஏறி இறங்கக்கூடியவருக்கும், உடன் வருவதற்கு நிலையத்துத் தோழர்கள் பலர் இருப்பவருக்கும், இந்த முதற்படி மற்றவர்களுக்கு இருப்பதுபோல் கடினமாக இருப்பதில்லை.

ஆயினும் வாக்குகளைக் கொண்டுவருவது எப்போதும் தீயணைப்பு அனுபவமே என்று கருத இயலாது. 2019-இல் 45-ஆவது வார்டுத் தேர்தலின் மையத்தில் இருந்தது நெருப்போ நீரோ அன்று. ஜெஃபர்சன் பார்க் பகுதியில் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்றைக் கட்டலாமா கூடாதா என்ற சச்சரவே அது. பதவியிலிருந்த உறுப்பினர் அதை ஆதரித்தார். எதிர்த்த தெருக்களின் குரல் அவரை வீழ்த்த உதவியது. சிகாகோவில் ஒரு வார்டுக்குள் எழும் கட்டடத்துக்கு அந்த வார்டு உறுப்பினரின் ஒப்புதல் இருந்தால்தான் மன்றம் அனுமதிக்கும் என்ற எழுதப்படாத மரபு நெடுங்காலமாக நிலவுவதால், ஒரு வார்டுத் தேர்தல் என்பது பெரும்பாலும் அடுத்த வீட்டில் யார் குடிவரலாம் என்பதற்கான தேர்தலாகவே மாறிவிடுகிறது. அந்தச் சூழலில் தீயணைப்பு வீரர் என்ற அடையாளம் ‘நம்மில் ஒருவர்’ என்பதற்கான அடையாளமாகவே பயன்பட்டது.

நெருப்பை அணைப்பவருக்கு மக்களிடையே எழும் செல்வாக்கு ஆட்சியாளர்களை அச்சுறுத்திய வரலாறு மிகப் பழையது. கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ரோம நகரின் பொதுக்கட்டடங்களையும் தெருக்களையும் கவனிக்கும் அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எக்னேஷியஸ் ரூஃபஸ், தம் சொந்த அடிமைகளைக் கொண்டே தீயணைப்புக் குழு ஒன்றை அமைத்து வீடுகளைக் காப்பாற்றினார். மக்கள் அதில் மயங்கி, பதவிகளுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி விதியையும் பொருட்படுத்தாமல், அவரை உடனே அடுத்த உயர்பதவிக்குத் தேர்ந்தெடுத்தனர். அதன்பின் கி.மு. 19-இல் அவர் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவிக்கு நிற்க முயன்றபோது தடுக்கப்பட்டு, சதிக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். கி.பி. 6-இல் பேரரசர் அகஸ்டஸ் ஏழு படைப்பிரிவுகள் கொண்ட அரசுத் தீயணைப்புப் படையை நிறுவியதற்கு நெருப்பின்மீதிருந்த அச்சத்தோடு, நெருப்பை அணைக்கும் புகழ் தனியொருவருக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணமும் காரணமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த நூற்றாண்டில், ஆசியா மைனரில் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பெருந்தீயால் அழிந்த நிக்கோமீடியா நகருக்கு 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்க அனுமதி கேட்டு எழுதியபோது, பேரரசர் டிராஜன் மறுத்துவிட்டார்; அத்தகைய சங்கங்கள் எந்தப் பெயரில் தொடங்கினாலும் விரைவில் அரசியல் கூட்டங்களாக மாறிவிடும் என்பதே அவர் சொன்ன காரணம். நகரம் எரியட்டும், சங்கம் வேண்டாம் என்பதற்கு நிகரான இந்த முடிவை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள் எனினும், அவர் கண்ட அபாயம் கற்பனையானதன்று என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க் காட்டியது.

அங்கே அப்போது தீயணைப்பு என்பது சம்பளமில்லாத் தொண்டர் குழுக்களின் பணி. ஒவ்வொரு குழுவுக்கும் தனி வண்டி, தனிச் சின்னம், தனி அடியாள் கூட்டம் இருந்தன. எரியும் வீட்டின் முன் எந்தக் குழு முதலில் குழாய் பூட்டுவது என்று இரு குழுக்கள் கைகலப்பதும் நடந்தது. புலித்தலைச் சின்னம் கொண்ட அமெரிக்கஸ் 6-ஆம் எண் வண்டிக் குழுவின் தலைவராக இருந்த வில்லியம் ட்வீட், அந்தக் குழுவில் திரட்டிய ஆதரவைக்கொண்டே 1851-இல் நியூயார்க் நகர மன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். பின்னாளில் நகரத்தின் கருவூலத்தையே சூறையாடிய கும்பலின் தலைவராக அமெரிக்க வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது. தொண்டர் குழுக்களின் இந்த அடாவடி தாங்காமல்தான் சின்சினாட்டி நகரம் 1853-இல், நீராவி இயந்திரங்களுடன் முழுநேரச் சம்பளத் தீயணைப்புத் துறையை நாட்டிலேயே முதன்முதலாக அமைத்தது. தீயணைப்பாளரை அரசியலிலிருந்து பிரித்து ஊழியராக்கிய ஏற்பாடு அது. இன்று அந்த ஊழியர் வேலையை விட்டபின் வேட்பாளராகத் திரும்பி வருகிறார் என்பதால், பழைய அபாயம் முழுவதும் மறைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

இருப்பினும் நகர மன்றத்துக்கும் நெருப்புக்கும் உள்ள உறவைச் சிகாகோவின் வரலாற்றில் தொடர்ந்து படித்துவருபவர், அந்த மன்றத்தில் தீயைக் கண்ட ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்காமல் இருக்க முடியாது. 1871 அக்டோபர் 8 இரவு தொடங்கி இரண்டு நாள் எரிந்த பெருந்தீயில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். பெரும்பாலும் மரத்தாலேயே கட்டப்பட்டிருந்த, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகரத்தைக் காக்க இருந்தவர்கள் சுமார் 185 தீயணைப்பு வீரர்கள். அவர்களும் முந்தைய நாளின் பெரிய தீயோடு போராடிக் களைத்திருந்தனர். அடுத்த மாதம் நடந்த மேயர் தேர்தலில் பத்திரிகை அதிபர் ஜோசப் மெடில் நின்ற அணியின் பெயரே ‘தீப்பிடிக்காத’ என்ற பொருள் தரும் சொல்லைக் கொண்டிருந்தது. வென்ற மெடில், நகர எல்லை முழுவதிலும் மரவீடு கட்டுவதைத் தடைசெய்ய விரும்பினார். சட்டம் போட்டால் தீ நின்றுவிடும் என்று எண்ணியவர்களுக்கு 1872 ஜனவரியில் பதில் வந்தது. வடபகுதியில் வீடிழந்து நின்ற ஜெர்மானியத் தொழிலாளர்கள், ஆன்டன் ஹெஸிங் என்ற தலைவரோடு நகர மன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். செங்கல் வீட்டுக்கு ஆகும் செலவை அவர்களால் தாங்க முடியாது. மரவீட்டைத் தடுத்தால் தங்கள் சொந்த மனையை விற்றுவிட்டு வாடகைக்குப் போக வேண்டியதுதான் என்பது அவர்கள் வாதம். மன்றம் பின்வாங்கி, தடையை நகரின் மையத்தைச் சுற்றிய பகுதிக்குச் சுருக்கிவிட்டது. 1874 ஜூலையில் மீண்டும் ஒரு தீயில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தபின், காப்பீட்டு நிறுவனங்கள் நகரத்தையே கைவிடுவதாக மிரட்டிய நெருக்கடியில்தான் விதி நகரம் முழுவதற்கும் விரிந்தது.

இந்த நிகழ்ச்சியில் தொழிலாளரைக் குறைசொல்வது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. தீத்தடுப்பு என்பது எப்போதும் யாரோ ஒருவர் பணம் கொடுக்க வேண்டிய காரியம். அந்தப் பணத்தை ஏழையின் தலையில் மட்டும் கட்டினால் அவர் எதிர்ப்பார், எதிர்ப்பில் நியாயமும் இருக்கும். செங்கலுக்குக் கடனுதவி, படிப்படியான காலக்கெடு போன்ற வழிகளைத் தேடி, செலவைப் பங்கிட்டுச் சட்டமாக்குவதே மன்றத்தின் தொழில். எரிந்த வீட்டை உள்ளிருந்து பார்த்தவருக்கு ஏன் அந்தச் சட்டம் வேண்டும் என்பது தெரியும். அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பது அவருக்கும் தெரியாது. முன்னதற்காக அவரைத் தேர்ந்தெடுக்கலாம், பின்னதை அவர் கற்றுக்கொண்டாக வேண்டும்.

கண்டவரின் சொல் எடுபடாத கொடுமையை 1903-இல் சிகாகோவின் இராக்குவா நாடக அரங்கம் காட்டியது. முழுவதும் தீப்பிடிக்காதது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்தப் புதிய அரங்கைத் திறப்பதற்கு முன், அருகிலிருந்த தீயணைப்பு நிலையத்தின் தலைவர் சுற்றிப் பார்த்தார். நீர்த்தெளிப்பான், அதாவது வெப்பம் பட்டதும் கூரையிலிருந்து தானே நீரைப் பொழியும் குழாயமைப்பு, அங்கே இல்லை. எச்சரிக்கை மணி இல்லை. தண்ணீர் இணைப்பும் சரியாக இல்லை. அவர் மேலதிகாரியிடம் சொன்னார். அரங்கத்துக்கென்று தனித் தீக்காவலர் இருக்கிறார், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பதிலே கிடைத்தது. டிசம்பர் 30 அன்று பிற்பகல் காட்சியில் மேடைத் திரையில் பற்றிய நெருப்பில் 602 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் விடுமுறைக்கு வந்திருந்த பெண்களும் குழந்தைகளும். வெளியேறும் கதவுகள் சில திரைச்சீலைக்குப் பின் மறைந்திருந்தன; சில கதவுகளின் தாழ்ப்பாள் எப்படித் திறப்பது என்றே கூட்டத்துக்குத் தெரியவில்லை. தண்டனை இறுதியில் யாருக்கும் கிடைக்கவில்லை. விதி எழுதும் இடமும், விதி மீறப்படுவதைக் காணும் கண்ணும் வெவ்வேறு மாடிகளில் இருந்ததே அந்தச் சாவுகளுக்குக் காரணம். முன்னாள் தீயணைப்பு வீரர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதத்தை யாரும் தேட வேண்டியதில்லை.

மன்றம் எழுதிய விதியே கொல்லும் என்பதற்கு 1958 டிசம்பர் 1 சான்று. அன்று சிகாகோவின் தேவதைகளின் அன்னை கத்தோலிக்கப் பள்ளியில், அடித்தளத்து மாடிப்படிக்கு அருகில் தொடங்கிய தீ, மேலே கதவில்லாத அந்தப் படிக்கட்டு வழியாகவே புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேல்மாடிக்கு ஏறியது. 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் உயிரிழந்தனர். அந்தப் பள்ளி விதி மீறியதன்று. அதே ஆண்டு அக்டோபரில்தான் தீப்பாதுகாப்பு ஆய்வில் தேறியிருந்தது. 1949-இல் நகரம் கடுமையான கட்டட விதிகளை இயற்றியபோது, அவை புதிய கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும், முன்பே இருப்பவை அப்படியே இருக்கலாம் என்று விலக்கு அளித்திருந்தது. பழைய கட்டடத்தில் படிக்கிற குழந்தையின் உடலும் புதிய கட்டடத்தில் படிக்கிற குழந்தையின் உடலும் ஒரே வெப்பத்தில்தான் வேகும் என்பதை அந்த விலக்கை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சத்துணவுக் கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகளை இழந்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நகரங்களிலும் விதிகள் உடனே திருந்தின. திருந்துவதற்குக் கேட்ட விலை மட்டும் ஒன்றாகவே இருந்தது.

அந்தப் பாடமும் முழுமையாகப் பதியவில்லை. 2003 அக்டோபரில் சிகாகோ நகர மையத்தில், அரசு அலுவலகங்கள் இயங்கிய உயர்ந்த கட்டடம் ஒன்றின் 12-ஆவது தளத்தில் தீப்பிடித்தது. நீர்த்தெளிப்பான் இல்லாத கட்டடம் அது. ஊழியர்கள் முறைப்படி மாடிப்படி வழியாக இறங்கினர். படிக்கட்டின் கதவுகள் உள்ளே போனதும் பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை; தீயணைக்கும் பொருட்டு 12-ஆவது தளத்துக் கதவு திறந்து வைக்கப்பட்டதால் புகை முழுவதும் படிக்கட்டுக்குள் பாய்ந்தது. மேலிருந்து இறங்கியவர்கள் திரும்பி ஒவ்வொரு தளத்துக் கதவாகத் தட்டிப் பார்த்தனர்; எதுவும் திறக்கவில்லை. ஆறு பேர் அந்தப் படிக்கட்டிலேயே மூச்சடைத்து இறந்தனர். மறு ஆண்டு மன்றம் இயற்றிய சட்டம் பழைய வணிகக் கட்டடங்களுக்கு நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கியது. 1975-க்கு முன் கட்டப்பட்ட உயர்ந்த குடியிருப்புகளுக்கு மட்டும், செலவை வீட்டுடைமையாளர்கள் தாங்கமாட்டார்கள் என்ற காரணத்தால், ‘உயிர்ப் பாதுகாப்பு மதிப்பீடு’ ஒன்றைச் செய்து குறைகளைச் சரிசெய்தால் போதும் என்று வழிவிட்டது. அந்த மதிப்பீட்டுக்கான காலக்கெடுவும் 2012-இலிருந்து 2015-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 1872-இன் செங்கல் வாதம் 130 ஆண்டுகளுக்குப் பின் நீர்க்குழாய் வடிவில் திரும்பி வந்தது என்றே இதைப் படிக்க வேண்டும்.

எரியும் கட்டடம் தீயணைப்பு வீரரையே கொல்லும்போது இந்த விதிகளின் பொருள் இன்னும் அருகில் தெரிகிறது. 1910 டிசம்பர் 22 அன்று சிகாகோவின் இறைச்சிக் கிடங்குப் பகுதியில் சுவர் இடிந்து 21 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். சரியாக நூறாண்டு கழித்து, 2010-இல் அதே நாளில், அவர்களுக்கு நினைவஞ்சலி நடக்கவிருந்த காலை வேளையில், நகரின் தென்பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த சலவைக்கூடம் ஒன்றில் தீ மூண்டது; கூரை சரிந்து இரு வீரர்கள் மாண்டனர். அந்தக் கூரையைச் செப்பனிடும்படி உரிமையாளருக்கு நகரம் முன்பே அறிவிப்பு அனுப்பியிருந்தது. அறிவிப்பு காகிதத்திலேயே இருந்தது. 2012 முதல், உள்ளே நுழைவது ஆபத்து என்று அறியப்பட்ட வெறுங்கட்டடங்களின் முகப்பில், ஒளிபட்டால் மின்னும் சிவப்புத் தகட்டில் பெருக்கல் குறியிட்டு ஆணியடிக்கும் பணி தொடங்கியது. இரண்டடிக்கு இரண்டடித் தகடு அது. வண்டியிலிருந்து இறங்கும் வீரர் அதைக் கண்டால், உள்ளே உயிர் இருக்கிறது என்ற உறுதி இல்லாமல் நுழைவதில்லை. இத்தகைய தகட்டின் தேவையை, மன்றத்துக்குப் போன முன்னாள் வீரருக்கு அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்காது. அவரே மற்றவர்களுக்கு விளக்கக்கூடியவர்.

இனி பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். முன்னாள் தீயணைப்பு வீரரின் நேர்மை சோதிக்கப்படும் இடம் அதுவே. சிகாகோத் தீயணைப்பு வீரர்கள், அனைத்துலகத் தீயணைப்பாளர் சங்கத்தின் 2-ஆம் எண் கிளையில் அணிதிரண்டவர்கள். 1979 தேர்தலில் எழுத்துவடிவ ஒப்பந்தம் தருவதாக வாக்களித்த மேயர் ஜேன் பைர்ன், வென்றபின் அதை இழுத்தடித்ததால் 1980 பிப்ரவரியில் அவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்து முதல் ஒப்பந்தத்தைப் பெற்றனர். வண்டிக்குக் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய நெடுநாள் ஏற்பாட்டை நகர நிர்வாகம் பலமுறை குறைக்க முயன்றிருக்கிறது. ஐந்தாவது ஆள் வீண்செலவு என்று கணக்காளர் சொல்வார்; ஐந்தாவது ஆள் இல்லாவிட்டால் ஏணியும் குழாயும் ஒரே நேரத்தில் போகாது என்று வீரர் சொல்வார். இரண்டிலும் உண்மை உண்டு. இன்று அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மாரடைப்பு, மயக்கம், விபத்து போன்ற மருத்துவ அழைப்புகளே என்பதால், நெருப்பு வண்டிக்கு ஐந்து பேரா, ஆம்புலன்ஸ்களின் எண்ணிக்கையை உயர்த்துவதா என்பதும் உயிர் சார்ந்த கேள்விதான். 2021 ஜூனில் முடிந்த ஒப்பந்தத்துக்குப் பின் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய ஒப்பந்தம் இல்லாமலேயே அந்த வீரர்கள் பணியாற்ற நேர்ந்தது நகரத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று.

ஓய்வூதியம் அதைவிடப் பாரமானது. எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய தொகைக்கு எதிராகக் கையில் இருக்கும் நிதியின் விகிதத்தையே நிதிநிறைவு என்கிறார்கள். சிகாகோத் தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதிய நிதியத்தில் இந்த விகிதம் கால்பங்கு அளவைச் சுற்றியோ அதற்கும் கீழோதான் நீண்டகாலமாக நிற்கிறது. மாநிலச் சட்டமோ 2055-க்குள் அதை 90 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. 2015-இல் மேயர் ராம் இமானுவேல், காவலர், தீயணைப்பு வீரர் ஓய்வூதியங்களுக்காகவே 54.3 கோடி டாலர் சொத்துவரி உயர்வைக் கொண்டுவந்தார். இதற்கு வீரர்களைப் பழிப்பது அறியாமை; தங்கள் சம்பளத்தில் பிடித்தத்தை அவர்கள் தவறாமல் கொடுத்தே வந்தார்கள், தன் பங்கைப் போதுமான அளவு செலுத்தாமல் பல்லாண்டு தள்ளிப்போட்டது ஆட்சிதான். ஆனால் இன்று மன்றத்தில் அமர்ந்து கைதூக்குபவர், தம் பழைய தோழர்களுக்குச் சேர வேண்டியதை எந்த வரியால் ஈடுகட்டப்போகிறார் என்று சொல்லக் கடமைப்பட்டவர். ஓய்வூதியத்தைக் காப்பேன் என்று ஒரு மேடையிலும், சொத்துவரியை உயர்த்தவிடமாட்டேன் என்று அடுத்த மேடையிலும் பேசுவதை எந்தச் சீருடையும் நியாயமாக்காது.

இந்தச் சிக்கலைச் சட்டங்கள் ஓரளவே தீர்க்கின்றன. கலிபோர்னியாவில், ஓர் உள்ளாட்சியின் ஊழியர் அதே உள்ளாட்சியின் மன்றத்தில் பதவியேற்க வேண்டுமானால் முதலில் வேலையை விட்டு விலக வேண்டும். சீருடையில் எந்த அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபடக் கூடாது. தம் பண நலன் கலந்த தீர்மானத்தில் உறுப்பினர் அதை அறிவித்து விலகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நகரங்களின் பொதுநெறி. இருந்தும், மஞ்சளும் கருப்புமாகத் தெருவெங்கும் நிற்கும் சங்க ஆதரவுப் பலகையால் வென்றவர், அந்தச் சங்கத்தின் ஒப்பந்தம் வரும் நாளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் முழுமையாக எழுதிவிட முடியாது. அதை அவருடைய மனச்சாட்சியும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் விழிப்புமே காக்க முடியும்.

யாரால் தீயணைப்பு வீரராக முடிந்தது என்பதும் மன்றத்துக்கான இந்தப் பாதையில் அடங்கியிருக்கிறது. சிகாகோ 1995-இல் நடத்திய நுழைவுத் தேர்வில் 26,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 89 மதிப்பெண் என்று நகரம் வைத்த எல்லை, தகுதி பெற்றிருந்த கறுப்பின விண்ணப்பதாரர் ஏறத்தாழ 6,000 பேரை அழைப்புக்கே வரவிடாமல் நிறுத்தியது. லூயிஸ் எதிர் சிகாகோ நகரம் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபின், அவர்களில் 111 பேர் பல ஆண்டு தாமதத்துக்குப் பிறகு துறையில் சேர்க்கப்பட்டனர். தீயணைப்பு நிலையத்தின் மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் கம்பமே 1878-இல் சிகாகோவின் கறுப்பினக் குழுவான 21-ஆம் எண் வண்டி நிலையத்தில் பிறந்தது என்பதை எண்ணும்போது இந்த அநீதி மேலும் உறுத்துகிறது. நிலையத்தின் கதவு ஒரு சாராருக்கு மூடியிருந்தால், நிலையம் வழியாக மன்றத்துக்குப் போகும் பாதையும் அவர்களுக்கு மூடியே இருந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த வாதத்தில் ஒரு வேறுபாடு கண்ணில் படும். இந்திய அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் ஏழாவதாகத் தீயணைப்புப் பணியைக் குறிப்பிடுகிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் தனித் துறை. ஆகவே ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் ஒருவர் சென்னையிலோ மதுரையிலோ வார்டு உறுப்பினரானாலும், ஒரு தீயணைப்பு வண்டி வாங்குவதற்கோ ஒரு நிலையம் திறப்பதற்கோ மாமன்றத்தில் அவர் கைதூக்க இடமில்லை. பழைய தோழர்களின் சம்பளத்தில் அவருக்குச் சிக்கல் எழாது என்பது இதன் நன்மை. வண்டி நுழைய முடியாத சந்தும், அனுமதியில்லாமல் ஏறிய மாடியும் மாமன்றத்தின் பார்வைக்கே உரியவை என்பதால், அவர் கண்டறிந்தவற்றுக்கு அங்கும் வேலை இருக்கிறது.

சிகாகோவின் அடுத்த நகரத் தேர்தல் 2027 பிப்ரவரி 23 அன்று நடக்கவிருக்கிறது. தீயணைப்பு வீரராக இருந்த வேட்பாளர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அவர் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று கேட்பதோடு வாக்காளர்கள் நின்றுவிடக் கூடாது. 1975-க்கு முந்தைய குடியிருப்புகளுக்கு நீர்த்தெளிப்பான் வேண்டுமென்று அவர் கைதூக்குவாரா, அதன் செலவில் வாடகைக்காரரின் பங்கு என்ன, ஓய்வூதியப் பற்றாக்குறையை எந்த வரி ஈடுசெய்யும் என்று கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் அந்தப் படிக்கட்டில் பூட்டியிருந்த கதவுகளை நினைவில் வைத்துக் கேளுங்கள்.